மூன்றுமாவடிப் பக்கம் காரிலிருந்து இறங்காமல் வாங்கும் பானக் கடை: ஆட்சேபணை எழுதுவது எப்படி?

தெருமுனை வீட்டுக்காரர்:

மதுரையில், அழகர் கோவில் சாலையில் மூன்றுமாவடிக்கும் சர்வேயர் காலனிக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், முனையிலிருந்து இரண்டாவது வீடு என்னுடையது. முனையில் 12 சென்ட் காலி மனை. இருபது ஆண்டுகளாக அதில் ஒரு வேப்ப மரமும் அதன் நிழலில் ஓர் இஸ்திரி வண்டியும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. போன வாரம் நாளிதழில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த மனையின் சர்வே எண்ணைப் போட்டு, குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் வந்திருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் இருந்தது. என்ன கடை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. மனைக்காரரின் மைத்துனரைப் பிடித்து விசாரித்தேன். 'டிரைவ்-த்ரூ பானக் கடை' என்றார்.

இந்தப் 'பானம்' தெருவில் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். மதியம் நான் ஒருவரிடம் சொன்னேன். மாலை விளக்கு வைப்பதற்குள் அது மதுக்கடையாகிவிட்டது. ஒன்பது பெண்கள் என் வாசலில் வந்து நின்று, 'முதலில் தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள்' என்று என்னையே பிடித்துக்கொண்டார்கள். காபி, குளிர்ந்த பால், பழச்சாறுதான், காரில் வருகிறவர்கள் இறங்காமல் சன்னல் வழியாக வாங்கிக்கொண்டு போவார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே ஒரு பானம் தேவைப்பட்டது. 'அட, காபிதானா' என்று பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். கலையாத பாதியில் நானும் ஒருவன்.

மைத்துனர் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினார். மனைக்கு அழகர் கோவில் சாலைப் பக்கம் 58 அடி, எங்கள் தெருப் பக்கம் 90 அடி. கட்டடம் 400 சதுர அடிதான். கார் பிரதான சாலையில் நுழைந்து, மனையின் எதிர் ஓரமாகப் பின்னால் வரை போய், திரும்பி, சன்னலில் கோப்பையை வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் இறங்குகிறது. இறங்கும் இடம் என் வீட்டு கேட்டிலிருந்து பத்தடி. வாங்கும் சன்னலுக்கு நேர் எதிரே எங்கள் சமையலறைச் சன்னல். தெரு 20 அடி அகலம். காலையில் பள்ளி வேன் இரண்டு, தண்ணீர் லாரி ஒன்று தவறாமல் வரும்.

எனக்குக் காபி மீது பகை கிடையாது. வரிசையாக வரும் கார்களை நினைத்தால்தான் கவலை. எதை எழுதினால் படிப்பார்கள், எதை எழுதினால் ஓரமாகப் போடுவார்கள்? தபால் துறையில் 31 ஆண்டு இருந்தவன் நான். கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதில் எனக்கு அனுபவம் உண்டு, எழுதுவதில் இல்லை.


ஓய்வுபெற்ற வரைவாளர்:

ஐயா, நான் கட்டட வரைபடம் போட்டே தலை நரைத்தவன். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இப்போது வந்திருப்பது நில உபயோக மாற்றம். கட்டடத்துக்கான திட்ட அனுமதி அதற்குப் பிறகு தனியாக வரும். இரண்டும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குள் வருபவைதான், ஆனால் கோப்பு வேறு வேறு. 'கட்டட வேலை தொடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று முதல் கோப்பில் சும்மா இருந்துவிட்டு, ஜல்லி வந்து இறங்கிய பிறகு ஓடுகிறவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உபயோகம் மாறுவது மனைக்கு. கடைக்கு அல்ல. இந்தக் காபிக்காரர் இரண்டு ஆண்டில் கடையை மூடிவிட்டுப் போனாலும் மனை வணிக மனையாகவே நிற்கும். அதற்குப் பிறகு வருகிறவர் என்ன வைப்பார் என்பது மைத்துனருக்கே தெரியாது. ஆட்சேபணையின் முதல் பத்தியில் இதை எழுதுங்கள்.

கடை சிறியது என்பதால் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்தைக் கணக்கிடும்போது கட்டடப் பரப்பைத்தான் அடிப்படையாகப் பிடிப்பார்கள். 400 சதுர அடிக் கட்டடத்துக்குக் காகிதத்தில் மிகக் கொஞ்சமே தேவைப்படும். இந்த மாதிரிக் கடையிலோ கட்டடம் சிறிது, வாகனம் பெரிது. அந்த முரணை நீங்கள் அளந்து காட்டினால்தான் அதிகாரியின் கண்ணில் படும்.

'எங்கள் அமைதி கெடும்', 'பண்பாடு கெடும்' என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். அடிக்கணக்கு எழுதுங்கள். சர்வே எண், அறிவிப்பு வந்த நாளிதழ், தேதி, உங்கள் வீட்டுக் கதவு எண், கையால் போட்ட ஒரு வரைபடம், இவை போதும். நாடா வைத்து அளந்த எண்ணாக இருக்க வேண்டும், குத்துமதிப்பு கூடாது. தபாலில் அனுப்பினாலும் (உங்களுக்குத் தெரியாததா!) ஒரு பிரதியை நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரைபடத்தைக் கேட்கலாம், ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபணைக் கெடு முடிந்துவிடப் போகிறது. முதலில் ஆட்சேபணை, மனு பிறகு.

அழகர் எதிர்சேவைக்கு அந்தச் சாலையில் கூட்டம் நிற்பதை எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அழகர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். கார் தினமும் வரும்.


எண்பதடிச் சாலை ஜூஸ் கடை:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணா நகரில் நான் கடை போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கட்டு மனு எழுதினார்கள். இப்போது அதே வீட்டுப் பிள்ளைகள்தான் எனக்கு முதல் போணி. 12 சென்ட் மனையை இருபது ஆண்டு சும்மா வைத்திருந்தவர் இன்று நாலு காசு பார்க்க நினைப்பது குற்றமா? அதே தெருமுனையில் ஒரு மளிகைக் கடை வந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வரவேற்பீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். வேப்ப மரத்தடி இஸ்திரி வண்டிக்கு யார் திட்ட அனுமதி கொடுத்தது?

டிரைவ்-த்ரூ என்று பெயர் புதிதாக இருப்பதால் எல்லோரும் மிரள்கிறோம். நம் ஊரில் பைக்கில் வருகிறவர் வண்டியை அணைக்காமல், ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, பருத்திப்பால் வண்டியில் ஒரு டம்ளர் வாங்கி ஊதி ஊதிக் குடித்து, டம்ளரை நீட்டிவிட்டுப் போகிறார். ஸ்டாண்டுகூடப் போடுவதில்லை. இதைத்தான் அவர்கள் கண்ணாடிச் சன்னல் வைத்து விற்கப் போகிறார்கள்.


ஓஹியோவில் ஒரு நரிமேட்டுக்காரன்:

ஐயாவுக்கு வணக்கம். நான் இருக்கும் ஊரில் இந்த வகைக் கடை இல்லாத சாலையே இல்லை. என் வாடகை வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று வந்தது. சுற்றியிருந்த வீடுகளுக்கு முன்கூட்டியே கடிதம் வந்தது. ஒரு மாலை நகர மன்றக் கூடத்தில் விசாரணை. ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். குழந்தைகள், வீட்டு விலை என்றெல்லாம் பேசியவர்களைக் குழுவினர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு குறிப்பேட்டை மூடிவிட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் எழுந்து, 'சன்னலுக்கும் சாலைக்கும் நடுவில் எத்தனை கார் நிற்கும்?' என்று கேட்டார். அத்தனை பேரும் வரைபடத்தின் மேல் குனிந்தார்கள்.

இங்கே ஒரு காருக்கு, இடைவெளியையும் சேர்த்து, 20 அடி என்று வைப்பது வழக்கம். உங்கள் மனையில் நுழைவாயிலிலிருந்து சன்னல் வரை எத்தனை இருபதடி இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் வரும் கார் சாலையில்தான் நிற்கும்.

இரண்டாவது ஒலிபெருக்கி. சன்னலுக்கு முன்னாலேயே ஒரு கம்பத்தில் பேசும் கருவி வைத்து, என்ன வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிடுவார்கள். 1948-இல் கலிபோர்னியாவில் பால்ட்வின் பார்க் என்ற ஊரில் ஒரு ஹாம்பர்கர் கடைக்காரர் தொடங்கிவைத்த வழக்கம் அது. படுக்கையறைப் பக்கம் அதைத் திருப்பி வைத்தால், ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ஒருவருக்குச் சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். நம் நாட்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. அதை எழுதுங்கள்.

மினியாபொலிஸ் நகரம் 2019-இல் புதிய டிரைவ்-த்ரூ எதுவுமே கூடாது என்று முடிவெடுத்தது. எங்கள் கடை அப்படித் தடுக்கப்படவில்லை, நிபந்தனைகளோடு வந்தது. கருவியைச் சாலைப் பக்கம் திருப்பினார்கள், வேலியை உயர்த்தினார்கள், வெளியேறும் வழியை மாற்றினார்கள். 'வேண்டாம்' என்று எழுதும் அதே கடிதத்தில் 'வந்தே தீருமென்றால் இப்படி வரட்டும்' என்று ஒரு பத்தியையும் சேர்த்துவிடுங்கள். எங்களுக்குப் பலன் கொடுத்தது அந்தப் பத்திதான்.


தெருமுனை வீட்டுக்காரர்:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரிடம் நூறடி நாடாவை இரவல் வாங்கி, ஒரு முனையை என் மனைவி பிடிக்க, தெருவையே அளந்துவிட்டேன். சர்வேயர் காலனிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் அவமானம்.

நுழைவிலிருந்து பின்னால் வரை 90 அடி, திரும்பிச் சன்னல் வரை 40 அடி. மொத்தம் 130. ஆறு கார் நிற்கலாம். மாலை ஆறிலிருந்து ஏழு வரை பிரதான சாலையில் ஒரு பேக்கரிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினேன். (இரண்டு டீ, ஒரு வடை. ஒரு டீயோடு ஒரு மணி நேரம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.) பேக்கரிக்கு வந்து நின்ற கார்கள் 27. ஒரு காருக்குச் சன்னலில் மூன்று நிமிடம் என்றால் மணிக்கு இருபதுதான் போகும், ஏழு மிஞ்சும். ஆறு உள்ளே, ஒன்று சாலையில். உண்மையைச் சொன்னால், கார் கணக்கில் நான் எதிர்பார்த்த அளவுக்குக் கடை மோசமில்லை. அதைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் வந்த இரு சக்கர வாகனங்கள் 112. ஆளுக்கு ஒரே நிமிடம் என்றாலும் 112 நிமிடம். அந்தச் சன்னலால் ஆகாது. ஜூஸ் கடைத் தம்பி சொன்ன ஒற்றைக் கால் ஊன்றும் ஆட்கள்தான் இவர்கள். இவர்கள் காருக்குப் பின்னால் வரிசையில் நிற்கப் போவதில்லை. நம் ஊரில் வரிசை நீளமாக வளராது, அகலமாகத்தான் வளரும். தெருவுக்குள் இறங்கும் வழியாகவே எதிர்த்திசையில் ஏறி வந்து சன்னலை மொய்ப்பார்கள்.

அளந்ததில் என் நெஞ்சில் தைத்தது வேறொரு எண். தெரு 20 அடி என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சாக்கடை மூடி, மறுபக்கம் வீட்டுக்கு வீடு நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர், அதோடு நான் உட்பட எல்லோரும் போட்டிருக்கும் வாசல் சாய்தளம், இவ்வளவும் கழித்தால் மிஞ்சுவது 13 அடி. கடையிலிருந்து இறங்கும் காரும் உள்ளே வரும் பள்ளி வேனும் அதில் உரசாமல் ஒன்றையொன்று கடக்க முடியாது. என் சாய்தளம் மட்டும் இரண்டேகால் அடி. அதை உடைத்துச் சிறிதாக்கச் சொல்லிவிட்டேன். மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் ஆட்சேபணைக் கடிதத்தோடு அதிகாரி நேரில் வந்து நின்றால், முதலில் அவர் கண்ணில் படப்போவது அதுதானே.

நேற்று கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். மூன்று பக்கம், ஒரு வரைபடம். வெளியேறும் வழி பிரதான சாலையிலேயே இருக்கட்டும், பேசும் கருவி மேற்குப் பார்த்து இருக்கட்டும், இரவு பத்து மணிக்கு மூடட்டும் என்று நரிமேட்டுத் தம்பி சொன்ன பத்தியையும் சேர்த்திருக்கிறேன். தெருவிலுள்ள 34 வீட்டில் 19 வீட்டார் தனித்தனிக் கடிதம் கொடுக்கிறார்கள்.

ஜூஸ் கடைத் தம்பியின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், இஸ்திரி வண்டிக்காரரையும் கேட்டேன். கடை வந்தால் முதலில் போகப் போவது அவர் நின்ற நிழல்தான், அவரும் ஆட்சேபணை எழுதலாமா?


ஓய்வுபெற்ற வரைவாளர்:

தாராளமாக எழுதலாம். ஆட்சேபணை உள்ளவர்கள் என்றுதான் அறிவிப்பில் இருந்ததாகச் சொன்னீர்கள், வீட்டுக்காரர்கள் என்று இல்லையே. 13 அடியை வரைபடத்தில் சிவப்பு மையில் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.


தெருமுனை வீட்டுக்காரர்:

சிவப்பு மைதான். இஸ்திரிக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். கடையில் எட்டுப் பேர் வேலைக்கு வருவார்களாம், எட்டுப் பேருக்கும் சீருடையாம். மைத்துனரிடம் இப்போதே பேசிவைத்துவிட்டாராம், எங்கள் வீட்டுச் சுவரோரம் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் தருவேனா என்று என்னிடம் கேட்கிறார்.