பாலியல் குற்றவாளிகள் பதிவேடு: வேட்பாளர்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி – பெரம்பூர்வாசி

வரும் சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு, எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் தொகுதி வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்திருக்கிறது. மழைநீர் வடிகால் பற்றிய சீட்டுகளுக்கு நடுவே, ஏழெட்டுத் தாய்மார்கள் ஒரே கேள்வியை எழுதித் தந்திருக்கிறார்கள்: அமெரிக்காவில் செய்வதுபோல் பாலியல் குற்றவாளிகளின் பெயரையும் முகவரியையும் இணையத்தில் வெளியிடுவீர்களா? அவர்களில் ஒருவர், "என் மகள் போகும் வேனை ஓட்டுபவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று கீழே சேர்த்திருக்கிறார். இக்கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. உருப்படியான பதில் வர வேண்டுமானால் எப்படிக் கேட்க வேண்டும்?

பதில் – எழும்பூர் வழக்கறிஞர்

ஐயா, அத்தகைய பதிவேடு நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கியபோதே அதில் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கும் அதைச் சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். ஆகவே, அதை வெளியிடுவேன் என்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், தம் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார் என்று பொருள்.

வெளியிடலாமா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் குற்றம் செய்தவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர். பல வழக்குகளில் வீட்டிலேயே இருப்பவர். தகப்பனின் பெயரும் தெருவும் இணையத்தில் வந்துவிட்டால், பாதிக்கப்பட்ட மகள் யாரென்று அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாமல் போகும்? குழந்தையின் அடையாளம் ஊடகங்களில் வெளிவரக் கூடாது என்று அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்வதே இதற்காகத்தான். நீதிமன்ற வராந்தாவில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, தாயின் முதுகுக்குப் பின்னால் ஒண்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

வேனைப் பற்றி எழுதிய அந்தத் தாய்க்கு மாநில அரசாலேயே பதில் சொல்ல முடியும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் போன்ற எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் அனைவரையும் காலமுறைப்படி காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். ஆனால் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஓட்டுநர் உரிமத்தின் ஜெராக்ஸும் ஆதார் ஜெராக்ஸும் கோப்பில் இருந்தால் போதும் என்றே நடந்துகொண்டார்கள். காவலாளி ஒப்பந்த ஆள் என்பதால் அவருக்கு அந்தக் கோப்புகூட இல்லை. இன்றுவரை என் மனத்தை உறுத்துவது அது. காவல்துறை அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது. இதில் வேட்பாளர் நழுவ முடியாது.

பதில் – வியாசர்பாடி

பதிவேட்டில் ஏறும் பெயர் என்றைக்காவது இறங்குமா என்பதையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் 1947 முதல் வாழ்நாள் முழுவதற்குமாக இருந்த பதிவுமுறையை, 2021 ஜனவரி முதல் குற்றத்தின் தன்மைக்கேற்ப 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்று பிரித்துவிட்டார்கள். இங்கோ, பதினேழு வயதுப் பெண்ணைக் காதலித்து அழைத்துக்கொண்டு போன பத்தொன்பது வயதுப் பையன்மீதும் போக்சோ பாய்கிறது. அத்தகைய ஒரு வழக்கை 2021 ஜனவரியில் ரத்துசெய்த சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறியது. குழந்தையைச் சிதைத்தவனையும் அந்தப் பையனையும் ஒரே பட்டியலில் வைத்தால், அந்தப் பட்டியலால் யாருக்குப் பாதுகாப்பு?

பெரம்பூர்வாசி

மூவருக்கும் நன்றி. சீட்டு எழுதிய தாய்மார்களிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். மாற்றிக் கேட்க ஒப்புக்கொண்டார்கள். இனிக் கேள்வி இதுதான்: "நம் தொகுதியிலுள்ள பள்ளிகளின் ஓட்டுநர்கள், காவலாளிகள், பயிற்சியாளர்களில் எத்தனை பேருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்கிறது என்ற கணக்கை, வெற்றி பெற்றால் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கேட்டு வாங்கி எங்களுக்குத் தருவீர்களா?" மக்களவைத் தேர்தல் வரும்போது கேட்பதற்காக, பெயர் நீக்கம் பற்றிய கேள்வியைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.