அவசரம்: அலுமினிய போட் உடம்பில 12 வோல்ட் காட்டுது

தூண்டில்காரன்: வணக்கம். பழைய அலுமினிய போட் ஒண்டு வாங்கினனான். மீட்டரை பற்றரி பொசிட்டிவ்விலயும் போட் உடம்பிலயும் வைச்சா 12.5 காட்டுது. எங்கையோ ஷோட் போல. சனிக்கிழமை விடிய சிம்கோ ஏரியில இறக்கோணும். கெதியா சொல்லுங்கோ.

பருத்தித்துறையான்: எத்தினை அடி? பின்னால அவுட்போட் மோட்டர் பூட்டியிருக்கோ? பற்றரி ஒண்டோ ரெண்டோ? ஒண்டும் சொல்லாட்டி நாங்கள் என்ன சாத்திரமோ பாக்கிறது?

மிசிசாகா_கொங்கு: செம்பு எதாச்சும் உள்ள கிடக்குதான்னு பாருங்க. ஈரத்துல ஒரு பழைய பென்னி கிடந்தாலே அலுமினியத்தை அரிச்சுரும். அடியில என்ன பெயிண்ட்? செம்பு கலந்ததா?

தூண்டில்காரன்: 16 அடி. பெயிண்ட் தெரியா.

மீட்டர்_மாமா: செம்புக்கும் 12.5க்கும் என்ன சம்பந்தம்? ஷோட் எண்டால் பியூஸ் போயிருக்கும் தம்பி. அவுட்போட் பிளொக், அதுதான் எஞ்சின் உடம்பு, பற்றரி நெகட்டிவ்வோட சேர்ந்தது. அதைப் பின்பலகையில போல்ட் போட்டு இறுக்கியிருக்கு, அப்ப உடம்பும் நெகட்டிவ். இதை எத்தினை தரம் எழுதிப்போட்டன். தேடிப்போட்டுக் கேளுங்கோ.

பருத்தித்துறையான்: மாமா சொல்லுறது சரி, ஆனால் அதோட விடாதேங்கோ. அவுட்போட்டுக்குப் போற தடிச்ச வயர் ரெண்டையும் பற்றரியில இருந்து கழட்டுங்கோ. திரும்பப் பாத்தா 0 வரோணும். பிறகு நெகட்டிவ்வுக்கும் உடம்புக்கும் பாருங்கோ, சுவிட்சுகளை ஒவ்வொண்டாப் போட்டு. அதில 12 வந்தால்தான் பயம். மீட்டர் சும்மாவும் கொஞ்சம் காட்டும், சின்ன பல்ப் ஒண்டால சரி பாருங்கோ.

மிசிசாகா_கொங்கு: கார் மாதிரி எல்லாத்தையும் பாடியிலயே எர்த் பண்ணிட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

மீட்டர்_மாமா: கார் தண்ணியில ஓடுதோ? போட் உடம்பு வயர் இல்லை. ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வயர், வெள்ளீயம் பூசினது. நெகட்டிவ் எல்லாம் உடம்பில முட்டாத பஸ்பாருக்கு, வயரெல்லாம் சேருற உலோகப் பட்டைக்கு.

கொச்சிக்காய்: ஏர்த் எண்டுறியள், கிரவுண்ட் எண்டுறியள், ஏரிக்கு நடுவில மண் எங்க கிடக்கு? நாங்கள் புவித்தொடுப்பு எண்டு படிச்சனாங்கள்.

மிசிசாகா_கொங்கு: எங்களுக்கு எர்த்துன்னா பச்சை வயர். அவ்வளவுதான்.

மீட்டர்_மாமா: அது வீட்டுக் கரண்ட். போட்டில டிசி, அதுதான் பற்றரிக் கரண்ட், நெகட்டிவ் கறுப்பு, இல்லாட்டி மஞ்சள். பச்சையில கொண்டுபோய்க் கொழுவி ஊரைக் கெடுக்காதேங்கோ.

கொச்சிக்காய்: மஞ்சளோ? என்ர போட்டில மஞ்சள் பம்புக்கு பொசிட்டிவ் போகுது.

மீட்டர்_மாமா: அப்ப உங்கட போட்டுக்கும் ஒரு இழை திறவுங்கோ.

தூண்டில்காரன்: அவுட்போட் கழட்டினா 0. ஆனா முன் லைட் சுவிட்ச் போட்டால் நெகட்டிவ்-உடம்பு 12! லைட்டும் எரியேல்லை.

பருத்தித்துறையான்: பிடிச்சாச்சு. லைட்டுக்கு ஒரு வயர்தான் வந்திருக்கும், மற்றது உடம்பில ஸ்குரூ. கரண்ட் உடம்பால ஓடி மோட்டரால திரும்பியிருக்கு. இன்னொரு வயர் இழுங்கோ.

தூண்டில்காரன்: ஓம் அண்ணை, அதேதான். இழுத்திட்டன். எரியுது, உடம்பில 0. நன்றி.

பருத்தித்துறையான்: நல்லம். பியூஸ் பற்றரியில இருந்து 7 அங்குலத்துக்குள்ள இருக்கோ?

பருத்தித்துறையான்: தம்பி?