திபேரியஸ் தினாரியஸ்: முழு வெள்ளியா, செம்பின் மேல் பூச்சா?

வணக்கம். ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்து தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) ஒன்றுக்கு, லுக்துனும் (இன்றைய பிரான்சின் லியோன்) நாணயச்சாலை வகை, உங்கள் கருத்து வேண்டும்.

முன்பக்கம் வாகை சூடிய தலை, வலம் நோக்கி. எழுத்து 'தி கேசர் திவி அவ்க் எஃப் அவ்குஸ்துஸ்', அதாவது தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் மகன் திபேரியஸ். பின்பக்கம் 'பொந்திஃப் மாக்ஸிம்', கையில் கிளையோடு அமர்ந்த பெண். திபேரியஸின் தாய் லிவியா என்பார்கள், காசில் பெயர் இல்லை.

எடை 3.42 கிராம், விட்டம் 18 மி.மீ. வழக்கமாக 3.7 கிராமை ஒட்டி இருக்கும். தேய்மானம் அவ்வளவு இல்லை, அதுதான் இடிக்கிறது. விளிம்பில் கடுகளவு கொப்புளம் உடைந்து உள்ளே செம்பழுப்பு தெரிகிறது. வெறும் மண்கறையாகவும் இருக்கலாம்.

நூலில் கட்டி நீரில் முக்கி எடைபோட்டால், நல்ல வெள்ளி என்றால் சுமார் 0.33 கிராம் குறையும், செம்பு என்றால் 0.38. இடைவெளி இவ்வளவு குறுகல் என்பதால் 0.01 கிராம் தராசை நம்ப முடியாது. காற்றுக்குமிழி ஒட்டினாலும் அடர்த்தி குறைத்தே காட்டும். 0.001 தராசு வைத்திருப்பவர்கள் குமிழியை எப்படித் தவிர்க்கிறீர்கள்?

இன்னொன்று, உள்வகையைப் பிரித்தறிய: பின்பக்கப் பெண்ணின் நாற்காலிக் கால்கள் சாதாவா, கடைசல் வேலையா, அடியில் எத்தனை கோடு? பக்கவாட்டு ஒளியில் எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். அமிலச் சோதனை மட்டும் வேண்டாம்.