அம்மா தனியாக நடந்து போகக்கூடிய வீடு கொழும்பில் எங்கே?

போன வருடம் அப்பா தவறிய பிறகு அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அழைத்து வந்தேன். அவருக்கு 71 வயது. முழங்கால் வலி இருந்தாலும் நடக்காமல் இருக்க மாட்டார். ஊரில் காலையில் கோயில், அப்புறம் சந்தை, பின்னேரம் சித்தி வீடு என்று எல்லாமே நடைதான். அதனால் வீடு தேடும்போது எனக்கு ஒரே நிபந்தனை: அம்மா என்னை எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும்.

முதலில் பார்த்தது நுகேகொடைக்கு உள்ளே ஒரு வீடு. வாடகை குறைவு, முற்றத்தில் பலாமரம். "ஹைலெவல் ரோட்டுக்கு 5 நிமிஷம்" என்றார் தரகர். அவருடைய ஓட்டோவில் 5 நிமிடம்தான். மறுநாள் நானும் அம்மாவும் நடந்து பார்த்தோம், 25 நிமிடம் ஆனது. வளைந்து வளைந்து போகும் ஒழுங்கை, இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், நடைபாதை இல்லை. வான் வந்தால் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கான் நிரம்பி வழிந்ததில் எது ரோடு, எது கான் என்று தெரியவில்லை. அம்மா மதிலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது பக்கத்தில் ஒரு கேட் திறந்தது. ஒரு சிங்கள அம்மா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு "வாடி வென்ன", உட்காருங்கள் என்றார். பிளேன்டீயும் தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இருவரும் முழங்காலைத் தொட்டுக் காட்டியே பேசிக்கொண்டார்கள். கடைக்குப் போக அவர் மகனுடைய பைக்கை எதிர்பார்த்திருக்கிறாராம். தனியாகக் கேட்டைத் தாண்டிப் பல மாதமாகிறது என்றார். அந்த வீடு வேண்டாம் என்று அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபோதே முடிவெடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் பல இடங்கள் முன்பு தோட்டமும் வயலுமாக இருந்து, பிறகு காணி பிரித்து விற்கப்பட்டவை. காணிக்குப் போக ஒழுங்கை விட்டார்கள், ஆனால் ஒழுங்கையை அடுத்த ஒழுங்கையோடு இணைக்கவில்லை. கடை மதிலுக்கு அப்பால்தான் இருக்கும், போவதற்கு ஊரைச் சுற்ற வேண்டும்.

கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி கிடைத்தது. இடம் சின்னது, வாடகை கூட. ஆனால் இங்கே காலி வீதியிலிருந்து கடல் பக்கம் ஒழுங்கைகள் சீப்புப் பல் மாதிரி நேராக இறங்குகின்றன. ஒரு முனையில் பஸ், மறுமுனையில் மரைன் டிரைவும் ரயில் பாதையும். புதிதாக வந்தவருக்கும் வழி தவறாது. சந்தை, பார்மசி, இராமகிருஷ்ண மிஷன் எல்லாமே அம்மாவின் நடைக்குள் வந்துவிடுகின்றன. காலி வீதி நடைபாதை நல்லது என்று சொல்ல மாட்டேன். கடைச் சாமான், மோட்டார் சைக்கிள், உடைந்த கான் மூடி எல்லாம் உண்டு. ஆனாலும் தூரம் குறைவு, எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு, விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் இருப்பார்கள்.

மூன்றாம் நாள் அம்மா தனியாகச் சந்தைக்குப் போய் ஒரு கட்டு முருங்கையிலையோடு வந்தார். விலை பேசிக் குறைத்த கதையை வாசலில் நின்றே சொன்னார். அப்பா போன பிறகு அவர் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்தது அன்றுதான்.

நீங்கள் இருக்கும் இடம் எப்படி? நடந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

*

கறுவாத்தோட்டத்தில் ஒரு அனெக்ஸில் இரண்டு வருடம் இருந்தேன். கொழும்பிலேயே அழகான நடைபாதை அங்கேதான். அகலம், நிழல்மரம், விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம். ஆனால் என் வாசலிலிருந்து ஒரு றாத்தல் பாண் வாங்கவும் ஓட்டோதான். உடற்பயிற்சிக்கு நடக்கலாம், வாழ்க்கைக்கு நடக்க முடியாது. இப்போது பம்பலப்பிட்டி. புழுதி கூட, ஆனால் பாண் கையெட்டும் தூரத்தில்.

*

கொட்டாஞ்சேனையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 20 வருடமாக இங்கேதான் இருக்கிறேன். வேலை புறக்கோட்டையில். ஜம்பட்டா வீதியால் நடந்து, செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டினால் கடை வந்துவிடும். 2022இல் பெற்றோல் இல்லாமல் எல்லாரும் நாள்கணக்கில் கியூவில் நின்றபோது, கடவத்தையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் வருபவர்கள் வேலைக்கு வர முடியாமல் தவித்தார்கள். நான் ஒருநாளும் பிந்தவில்லை. ஜூலையில் பெற்றோலை அளவாகப் பங்கிடும் கியூஆர் முறை வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. குறையும் சொல்ல வேண்டும்: துறைமுகத்து லொறிகள், மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் வண்டிகள், மத்தியான வெயில். காலை எட்டுக்கு முன் நடந்தால் சுகம்.

*

மேலே எழுதிய மூவரும் காலால் நடப்பவர்கள். என் மகள் சக்கர நாற்காலியில் போகிறாள். எங்களுக்கு "பக்கம்" என்பதன் கணக்கே வேறு. காலி வீதியில் கடைக்குக் கடை நடைபாதையின் உயரம் மாறும், ஓரிடத்தில் படி, அடுத்த இடத்தில் சரிவு. மோட்டார் சைக்கிள் ஏறாமலிருக்க நட்ட கம்பிகளுக்கு இடையில் நாற்காலி நுழையாது. கடைசியில் ரோட்டில் இறங்கி பஸ்ஸோடு பஸ்ஸாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். பொதுக் கட்டடங்களுக்கு அணுகல் வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது. கட்டடத்து வாசலில் சரிவு இருக்கிறது, அந்த வாசல் வரை போக வழி இல்லை. மஞ்சள் கடவையில் இறங்கினாலும் முதல் வாகனம் நின்றால் அடுத்தது முந்திக்கொண்டு வரும், அதுதான் பெரிய பயம். மரைன் டிரைவ் பின்னேரத்தில் அவளுக்குப் பிடிக்கும். அங்கே போய்ச் சேருவதுதான் பாடு.

வீடு பார்க்கும்போது யாராவது எங்களுக்காகப் படியையும் பாருங்கள்.

*

முதலில் எழுதியவள்தான். கடைசியாக எழுதியவருக்கு: அம்மாவோடு நடக்கும்போது நான் கடையை எண்ணினேன், படியை எண்ணவில்லை. நேற்றுப் பின்னேரம் திரும்ப நடந்து பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் வாகனம் குறைவு, ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு மரைன் டிரைவ் வரை போகலாம். ஆனால் முனையில் நடைபாதைக்கு ஏற ஒரு படி இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தால் ஏற்றிவிடலாம். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு மகளைக் கூட்டி வாருங்கள். அம்மா சுண்டல் அவிப்பதாகச் சொல்கிறார்.