நாய்க்குட்டிகளுக்கும் பெரிய நாய்களுக்கும் வயிற்றுப் பூச்சி மருந்து: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் குட்டி போட்ட தெருநாய்க்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் சோறு வைக்கிறோம். குட்டிகளுக்கு வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "பால் குடிச்ச தொப்பைம்மா" என்றார் அக்கா. தொட்டால் வயிறு இறுகிக் கிடந்தது, முடியில் மினுமினுப்பே இல்லை. கிளினிக்கில் ஒவ்வொன்றையும் எடை போட்டு, பைரன்டெல் என்ற பூச்சி மருந்துத் திரவத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாக விட்டார் டாக்டர். மறுநாள் விரித்திருந்த செய்தித்தாளில் வெந்த மீஹூன் (அரிசி சேமியா) போலக் கொத்துக் கொத்தாகப் புழுக்கள், சில நெளிந்துகொண்டும் இருந்தன.

கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிக்குப் பூச்சி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்துதான். உருளைப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைக்குள் அடங்கிக் கிடந்து, சினைக் காலத்தில் கிளம்பி, வயிற்றில் இருக்கும் குட்டிக்கே போய்விடுகின்றன. கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. அதனால் 2 வார வயதிலேயே தொடங்கி, 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 6 மாதம் வரை மாதாமாதம், பெரியதானதும் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார். பைரன்டெல் குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இளம்புழு பிறகு குடலுக்கு வந்து சேரும். ஒரு வேளையோடு நிறுத்தினால் பழைய கதைதான். தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள், தயவுசெய்து.

செந்தூல், கோலாலம்பூர்

சகோதரி சொன்னதோடு ஈறையும் பார்க்கச் சொல்வேன். தம்பி தூக்கி வந்த குட்டி விளையாடாமல் படுத்தே கிடந்தது. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்துப்போய் இருந்தது, மலமோ கறுத்து இருந்தது. கொக்கிப்புழு குடலைக் கடித்து இரத்தம் குடிக்கும். சின்னக் குட்டி அதிலேயே செத்துப்போகும், எனவே மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நம் ஊர் ஈரமண் அந்தப் புழுவுக்கு ரொம்பத் தோது. வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் நுழைந்து, வளைந்து வளைந்து சிவந்த கோடாக அரிக்கும். உருளைப்புழு முட்டை மண்ணில் தொற்றும் நிலைக்கு வரச் சில வாரம் ஆகும் என்பதால், மலத்தை அன்றன்றைக்கே அள்ளுவது மருந்துக்குச் சமம். பூண்டு அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். பூண்டு நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த குட்டி தாங்காது.

பிறை, பினாங்கு

எங்கள் வீட்டுக் கிழட்டு நாய்க்கு வேறு மாதிரி. வாலடியில் காய்ந்த அரிசி ஒட்டியிருப்பதாக நினைத்தோம், அது நாடாப்புழுவின் துண்டு. உடம்பை நக்கும்போது விழுங்கிய தெள்ளுப்பூச்சியிலிருந்து வருவதாம். பிராசிகுவான்டெல் உள்ள மாத்திரை கொடுத்தோம். தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும் என்று படுக்கைத் துணியையும் சுடுநீரில் துவைத்தோம். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு இந்த மாத்திரை கேட்காது, அதற்கு இரத்தப் பரிசோதனை செய்து தனி மருந்து வாங்க வேண்டும்.

மாத்திரை கசப்பு. டின் சார்டினில் முள் எடுத்து, நடுவில் வைத்துக் கொடுத்தால் எங்கள் ஆள் மெல்லாமலே விழுங்கிவிடுகிறான்.