ரெயில் ஸ்டாண்டில் ஸ்கேட்போர்டு பலகை நிற்பதில்லை, உதவி தேவை

திருவான்மியூர் தெற்கு:
அனைவருக்கும் வணக்கம். சமதரையில் பலகையைச் சுழற்றியும் புரட்டியும் வித்தை செய்யும் ஃப்ரீஸ்டைல் ஸ்கேட்போர்டிங் பழகி வருகிறேன். ஜி-டர்ன், வாக் தி டாக் ஆகிய வித்தைகள் ஓரளவு பிடிபட்ட பிறகு ரெயில் ஸ்டாண்ட் என்ற வித்தைக்கு வந்திருக்கிறேன். பலகையைக் காலால் புரட்டிப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு பாதங்களையும் மேலே வைத்த உடனேயே அது ஆடிச் சரிந்துவிடுகிறது. முன்பு இப்படி ஆகவில்லை. வீட்டின் கீழ்த்தள வராந்தாவில்தான் பழகுகிறேன். மொசைக் தரையில் வட்ட வட்டமாகச் சிறு கீறல்கள் விழுவதாக வீட்டு உரிமையாளர் வருத்தப்படுவதால், இதை விரைவில் சரிசெய்தாக வேண்டும். சக்கரத்தை மாற்றுவதா, ட்ரக்கை (சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பாகம்) மாற்றுவதா, டெக்கையே (கால் வைக்கும் மரப்பலகை) மாற்றுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவம்:
டெக் முறுக்கிக்கொண்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஏழு அடுக்கு மேப்பிள் மரம் நம் ஊரின் ஈரத்தைத் தாங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரம் சாய்த்து வைத்த பலகை, தை பிறக்கும்போது பழைய வடிவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ட்ரக்குகளைக் கழற்றிவிட்டு, கால் வழுக்காமலிருக்கக் கிரிப் டேப் ஒட்டிய பக்கம் கீழே இருக்குமாறு டெக்கைக் கண்ணாடி மேசையின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூக்கின் (முன்முனையின்) ஒரு மூலையை அழுத்தும்போது வாலின் (பின்முனையின்) எதிர்மூலை எழுந்தால் டெக் முறுக்கிவிட்டது என்று பொருள். அப்படியானால் இரண்டு ட்ரக்குகளும் ஒரே தளத்தில் இருக்காது, பலகையும் பக்கவாட்டில் சமமாக உட்காராது. பலகை எத்தனை மழைக்காலம் கண்டது என்பதை நீங்கள் சொல்லவில்லையே?

மயிலை மொட்டைமாடி:
பலகையைக் குறை சொல்வதற்கு முன் தரையைப் பாருங்கள் நண்பரே. மழைநீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக, மொட்டைமாடியைப் போலவே வராந்தாவுக்கும் வாட்டம் கொடுத்துத்தான் கொத்தனார் தளம் போடுவார். நடப்பவருக்கு அந்தச் சரிவு தெரியாது, பக்கவாட்டில் நிற்கும் பலகைக்குத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, மூக்கு இருந்த இடத்துக்கு வால் வருமாறு பலகையை முழுவதும் திருப்பி, அதே விளிம்பில் மறுபடியும் நிறுத்துங்கள். இரண்டு முறையும் தெருவை நோக்கியே சரிந்தால் குற்றம் தரையுடையது. பலகையோடு சேர்ந்து சரியும் திசையும் மாறினால் குற்றம் பலகையுடையது.

ஏழேகால்:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய பதில்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லை என்பது வருத்தம் தருகிறது. தம்பி, உங்கள் பலகையின் அகலத்தை நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே அது கடையில் கிடைத்த எட்டு அங்குலத் தெருப் பலகை என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஃப்ரீஸ்டைல் பலகை என்பது ஏறத்தாழ 7 முதல் 7.5 அங்குல அகலம், குறுகிய வீல்பேஸ் (முன்பின் சக்கரங்களின் இடைவெளி), குழிவு குறைந்த மேற்பரப்பு, வாலில் தேய்மானத்தைத் தடுக்கும் ஸ்கிட் பிளேட் என்று தனியாக வகுக்கப்பட்ட கருவி. பக்கவாட்டில் நிற்கும்போது டெக்கின் அகலம்தான் உங்கள் பாதம் நிற்கும் உயரம். அகலம் கூடினால் உயரம் கூடும், உயரம் கூடினால் ஆட்டம் கூடும். முதலில் சரியான பலகையை வாங்குங்கள், பிறகு பேசலாம்.

நீலாங்கரை:
முழு விவரம் இல்லாமல் யாராலும் உதவ முடியாது. இவற்றைத் தயவுசெய்து எழுதுங்கள். டெக்கின் அகலம் என்ன? ட்ரக்கின் ஆக்ஸில் (சக்கரம் மாட்டும் எஃகுத் தண்டு) நீளம் என்ன? சக்கரத்தின் விட்டமும் கடினமும் என்ன? சக்கரத்தின் வெளிமுகம் டெக்கின் விளிம்புக்கு நேராக இருக்கிறதா, உள்ளே தள்ளியிருக்கிறதா, வெளியே நீட்டியிருக்கிறதா? ட்ரக்கில் இருக்கும் ரப்பர் போன்ற புஷிங் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது? எல்லாவற்றையும்விட முக்கியமாக, பலகை இரண்டு விளிம்பிலும் சரிகிறதா, ஒன்றில் மட்டுமா?

சக்கரத்தின் நிலையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சக்கர முகமும் டெக்கின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் பலகையின் அடிப்பகுதி அகலமாகவும் உறுதியாகவும் தரையில் பதியும். சக்கரம் உள்ளே இருந்தால், பலகை டெக்கின் விளிம்பில் நின்றபடி சக்கரம் தரையைத் தொடும் வரை ஒருபக்கம் சாயும். வெளியே நீட்டியிருந்தால் டெக் அந்தரத்தில் நிற்கும், கால் வைத்ததும் ஆடும்.

திருவான்மியூர் தெற்கு:
டெக் 8 அங்குலம், ஆக்ஸிலும் 8 அங்குலம். சக்கரம் 56 மில்லிமீட்டர், கடினம் 99ஏ, அகலமான வகை. நட் சக்கரத்துக்குள் அடங்கியிருக்கும். சக்கர முகமும் டெக்கின் விளிம்பும் நேராகவே இருக்கின்றன. மொட்டைமாடி சொன்ன சோதனையைச் செய்தேன். திருப்பி வைத்தால் சரியும் திசையும் மாறிவிடுகிறது. குதிகால் பக்க விளிம்பில் நன்றாக நிற்கிறது, விரல் பக்க விளிம்பில்தான் சிக்கல். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

ஏழேகால்:
எட்டு அங்குலம் என்று நான் சொன்னது உறுதியாகிவிட்டது.

மயிலை மொட்டைமாடி:
ஏழேகால் ஐயா, அகலம்தான் காரணம் என்றால் இரண்டு விளிம்பிலும் சரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாக நிற்கும் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழையுங்கள் என்று ஒரு மாணவரிடம் சொல்வது நியாயமில்லை. அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் பலகையின் விலைக்கு நிகராக இன்னொரு தொகை வந்து நிற்கும். 1980களின் ஃப்ரீஸ்டைல் போட்டிகளில் யாராலும் அசைக்க முடியாதவராக இருந்த ராட்னி மல்லன், 1990களின் தொடக்கத்தில் தெருப் பலகைக்கு மாறிய பிறகும் காஸ்பரையும் (கவிழ்ந்த பலகையில் நிற்கும் வித்தை) பிரைமோவையும் (ரெயில் ஸ்டாண்டின் இன்னொரு பெயர்) கைவிடவில்லை, அவற்றைச் சறுக்கலாகவும் ஆக்கினார். வித்தை காலில் இருக்கிறது, அகலத்தில் இல்லை.

ஏழேகால்:
மல்லன் தம் சிறந்த ஃப்ரீஸ்டைல் ஆண்டுகள் முழுவதும் குறுகிய பலகையில்தான் நின்றார் என்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள். பலகை தன் நீள அச்சில் புரளும்போது, புரட்டத் தேவைப்படும் முயற்சி அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. முக்கால் அங்குல வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரெயில் ஸ்டாண்டிலிருந்து பலகையைப் புரட்டும் ரெயில் ஃப்ளிப் போன்றவற்றைத் தொடர்ந்து செய்பவருக்கு அந்த வேறுபாடு ஒவ்வொரு முறையும் கணுக்காலில் தெரியும். வீல்பேஸ் குறுகினால் சுழற்சியும், முன்முனையைத் தூக்கி இருபுறமும் வீசி நகரும் ஸ்பேஸ்வாக்கும் எளிதாகின்றன. இந்தக் கருவியை ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் காரணத்தோடுதான் இப்படிச் செதுக்கினார்கள். ஒலிம்பிக்ஸில் ஸ்ட்ரீட், பார்க் என்ற இரண்டு பிரிவுகளை மட்டும் சேர்த்து, ஃப்ரீஸ்டைலை வெளியே நிறுத்திவிட்ட இந்தக் காலத்தில், அந்த மரபை நாமாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் குரல் கடுமையாகிவிடுகிறது.

மயிலை மொட்டைமாடி:
மரபின் மேல் எனக்கும் அதே மதிப்பு உண்டு. ஆனால் அந்த மரபுக்குள் நுழையவே ஏழேகால் அங்குலம் வேண்டும் என்றால், இந்த நகரத்தில் நுழைபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பழகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரவல் பலகையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குக் காஸ்பர் சொல்லிக்கொடுக்கும்போது நான் அகலம் கேட்பதில்லை.

அம்பத்தூர் லேத்:
விவாதத்தின் நடுவே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் தம் முதல் பதிவிலேயே விடையின் பாதியைச் சொல்லிவிட்டார், அதை யாரும் கவனிக்கவில்லை. மொசைக் தரையில் வட்டக் கீறல் விழுகிறது என்றார். சக்கரம் யூரித்தேன் என்ற நெகிழி, டெக் மரம். இரண்டாலும் மொசைக்கைக் கீற முடியாது. கீறுவது எஃகு. ரெயில் ஸ்டாண்டில் தரைக்கு அருகே இருக்கும் எஃகு, ஆக்ஸிலின் முனையும் அதன் நட்டும்தான். நட் சக்கரத்துக்குள் அடங்கியிருக்கும் என்று அவரே சொல்கிறார். அப்படியானால் ஒரு பக்கம் ஆக்ஸிலின் முனை சக்கர முகத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. பலகை அந்த மூலையில் சக்கரத்தின் மேல் நிற்காமல் ஓர் ஆணி முனையின் மேல் நிற்கிறது. அதனால்தான் ஆடுகிறது, அதனால்தான் ஒரு விளிம்பில் மட்டும் ஆடுகிறது, அந்த முனையில் திரும்புவதால்தான் கீறல் வட்டமாக விழுகிறது.

ட்ரக்கில் ஆக்ஸிலைத் தாங்கும் ஹேங்கர் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதன் உள்ளே எஃகு ஆக்ஸில் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் விழும்போதெல்லாம் முனையில் அடி வாங்கி, அந்தப் பிடி தளர்ந்து ஆக்ஸில் மறுபக்கம் நகரும். சக்கரங்கள் ஹேங்கரின் தோளில் (ஆக்ஸில் வெளியே வரும் முகப்பில்) சாய்ந்தே இருப்பதால் அவை நகராது, எனவே வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். இரண்டு ட்ரக்குகளிலும் சக்கரங்களைக் கழற்றி, ஹேங்கரின் தோளிலிருந்து ஆக்ஸிலின் முனை வரை இரு பக்கமும் எஃகு ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

திருவான்மியூர் தெற்கு:
முன் ட்ரக்கில் இரு பக்கமும் 33 மில்லிமீட்டர். பின் ட்ரக்கில் விரல் பக்கம் 36, குதிகால் பக்கம் 30.

அம்பத்தூர் லேத்:
அப்படியானால் ஆக்ஸில் 3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. இதில் ரெயில் ஸ்டாண்டைவிடப் பெரிய அபாயம் குதிகால் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பேரிங்குகள், இடையில் 10 மில்லிமீட்டர், இரண்டு வாஷர்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 26 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மீதி 4 மில்லிமீட்டர் திருகு மரையில்தான் அந்தப் பக்கத்து நட் தொங்கிக்கொண்டிருக்கிறது. நட்டின் நைலான் வளையம் வெளிநுனியில் இருப்பதால் அது மரையைப் பிடிக்கவே இல்லை. ஓடும்போது நட் கழன்று சக்கரம் தனியாகப் போய்விடலாம். சரிசெய்யும் வரை தயவுசெய்து பலகையில் ஏற வேண்டாம்.

சரிசெய்யும் முறை எளிது. ஹேங்கரைக் கழற்றி, 30 இருக்கும் பக்கம் கீழே வருமாறு, ஆக்ஸில் இறங்க வழிவிடும் துளையுள்ள மரக்கட்டையின் மேல் நிமிர்த்தி வையுங்கள். மேலே உள்ள முனையில் ஒரு பழைய நட்டை, அதன் முகம் முனையைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் வரை ஏற்றுங்கள். அதன் மேல் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அடிக்கடி அளந்து பாருங்கள். இரு பக்கமும் 33 வந்ததும் நிறுத்திவிடுங்கள். நட் இல்லாமல் நேராக முனையில் அடித்தால் மரை சிதைந்துவிடும்.

வடகிழக்குப் பருவம்:
தட்டிச் சரிசெய்தால் மறுபடியும் நகரும். நிலையான தீர்வு வேண்டுமென்றால் புதுப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் ஆக்ஸிலும் ஹேங்கரும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி வெல்டிங் வைத்துவிடலாம். சில நிமிட வேலைதான்.

அம்பத்தூர் லேத்:
அதைச் செய்யவே கூடாது. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எஃகு உருக அதைப்போல இருமடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். சாதாரண வெல்டிங்கில் இரண்டும் ஒன்று சேராது. ஹேங்கர் மட்டும் பழுதாகும், பேரிங் அமரும் ஆக்ஸிலும் கோணிக்கொள்ளும். மறுபடியும் நகரும் என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது ட்ரக்கை மாற்றுவதுதான் வழி.

நீலாங்கரை:
நட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. பாரிமுனையில் நட்டும் போல்ட்டும் விற்கும் எந்தக் கடையிலும் எட்டு மில்லிமீட்டர் நட் உடனே கிடைக்கும். ஆக்ஸிலைக் காட்டினால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அது கையால் சில சுற்று ஏறவும் செய்யும். ஆனால் ஸ்கேட்போர்டு ஆக்ஸிலின் மரை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. எட்டு மில்லிமீட்டர் நட்டை ஸ்பேனரால் இறுக்கினால் இரண்டு மரையும் கெடும். "5/16 யூ.என்.எஃப். நைலாக்" (நெருக்கமான அங்குல மரையும் நைலான் வளையமும் உள்ள நட்) என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏழேகால்:
ஆக்ஸில் நகர்ந்திருப்பதை அளவோடு நிறுவிவிட்டார்கள், அதை ஏற்கிறேன். டெக்கின் அகலத்தைப் பற்றி நான் சொன்னதில் எந்த மாற்றமும் இல்லை. தம்பி, இந்த ட்ரக்கை மாற்றும் நாள் வந்தால் அப்போதாவது குறுகிய ட்ரக்காக வாங்குங்கள். டெக்கை அதற்கேற்பப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

மயிலை மொட்டைமாடி:
எட்டு அங்குல டெக்கில் குறுகிய ட்ரக்கைப் பூட்டினால் சக்கரங்கள் உள்ளே போய்விடும், பலகை விளிம்பில் சாய்ந்து நிற்கும். நீலாங்கரை மேலே எழுதியது இதைத்தான். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும், அல்லது இரண்டையும் இப்படியே விட வேண்டும்.

திருவான்மியூர் தெற்கு:
தட்டி 33-க்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு விளிம்பிலும் நிற்கிறது, தரையில் புதிய கீறல் இல்லை. தேர்வு நெருங்குவதால் இனி அதிகம் வர முடியாது. லேத் அண்ணாவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி.

அம்பத்தூர் லேத்:
மகிழ்ச்சி, தம்பி. ஆக்ஸில் ஹேங்கருக்குள் நுழையும் இடத்தில், இரு பக்கமும் ஹேங்கரின் தோளையும் ஆக்ஸிலையும் சேர்த்தாற்போல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பேரிங்குக்கு எண்ணெய் விடச் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பாருங்கள். ஹேங்கரில் இருக்கும் பாதியும் ஆக்ஸிலில் இருக்கும் பாதியும் விலகியிருந்தால் மறுபடியும் தட்ட வேண்டாம், ட்ரக்கை மாற்றிவிடுங்கள். குதிகால் பக்கத்து நட்டையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், பழையதன் நைலான் வளையத்தை இனி நம்ப முடியாது.