"நம்ம வீடு" குழுவில்: காக்காவா, தாத்தாவா?

மீனா: கவினுக்கு நாலரை வயது. இன்னும் 'க' வரவில்லை. பள்ளியில் பேர் கேட்டால் 'தவின்' என்கிறான். பதிவேட்டிலேயே அப்படி எழுதிவிட்டார்கள் 🙄

அப்பா: மாடியில் காக்காவைப் பார்த்து 'தாத்தா, தாத்தா' என்று கத்துகிறான். பேரன் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று இன்று இரண்டு முறை படியேறிப் போனேன். முட்டி வலிக்கிறது.

பெரியம்மா: வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தால் போதும்.

சுமதி: வசம்பு வேண்டாம் பெரியம்மா. 'க' சொல்ல நாக்கின் பின்பக்கம் எழ வேண்டும். அவன் நுனியைத் தூக்குகிறான், 'த' ஆகிவிடுகிறது. அக்கா, காது பார்த்தாயா? அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளை.

மீனா: போன மாதம் பார்த்தாயிற்று. நன்றாகக் கேட்கிறது.

சுமதி: சரி. காக்கா படம் ஒன்று, அப்பா போட்டோ ஒன்று எடுத்து வை. நீ 'காக்கா', 'தாத்தா' என்று மாற்றி மாற்றிச் சொல்லு, அவன் அந்தப் படத்தைத் தொடட்டும். வித்தியாசம் முதலில் காதில் விழ வேண்டும். அப்புறம் அண்ணாந்து தண்ணீரைக் 'கர்ர்ர்' என்று கொப்பளிக்கச் சொல். எந்த இடம் அசைகிறது என்று அவனுக்கே தெரியும். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கு நுனியை அவன் விரலாலேயே கீழே அழுத்திக்கொண்டு 'க்' சொல்லட்டும்.

மீனா: எவ்வளவு நேரம்?

சுமதி: தினமும் 5 நிமிடம். அடம் பிடித்தால் விட்டுவிடு. 'க்' வந்த பிறகு கண், காது, அக்கா, குக்கர். 'மகன்', 'பகல்' இப்போது வேண்டாம். அங்கே நம் வாயிலேயே 'க' தேய்ந்து 'ஹ' மாதிரிதான் வரும்.

பெரியம்மா: "கவின் சொல்லுடா" என்று விடாமல் கேட்டால் வராதா?

சுமதி: பிள்ளை வாயையே மூடிக்கொள்வான். 'தண் வலிக்குது' என்றால் 'ஐயோ, கண் வலிக்குதா?' என்று நாம் சரியாகச் சொன்னால் போதும்.

அப்பா: ரயிலையும் 'லயில்' என்கிறானே?

சுமதி: ர, ழ எல்லாம் கடைசியில் வருகிறவை. அவசரமில்லை. நீங்களே இன்னும் 'வாளைப்பளம்' என்றுதான் சொல்கிறீர்கள் அப்பா 😄

அப்பா: 🤐

*(மூன்று வாரம் கழித்து)*

மீனா: வந்துவிட்டது!! பல் தேய்த்துக் கொப்பளித்தவன், ஜன்னலைப் பார்த்து 'காக்கா' என்றான். நான் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டேன்.

அப்பா: இப்போது என்னையும் 'காக்கா' என்றுதான் கூப்பிடுகிறான்.

சுமதி: புது ஒலி கிடைத்ததும் எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் காக்காவாக இருங்கள் அப்பா.